பத்து ஃபெரிங்கி மழையும் எண்பது ரிங்கிட் டாக்ஸியும்

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன், தகவலெல்லாம் அப்புறம். மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கும் பத்து ஃபெரிங்கி கடற்கரைக்குப் போக வேண்டும் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், கடலுக்கு நாலு எட்டு இருக்கும்போது ஒரு தார்ப்பாய்க்குக் கீழே ஒடுங்கி நின்று, திரும்பி வர அறுபது ரிங்கிட் அழுதுவிட்டு வந்தோம். ரிங்கிட்டுக்கு இருபது ரூபாய்க்கு மேல் போட்டுக் கணக்குப் பாருங்கள். அந்தப் பணத்துக்கு மதுரையில் நாலு பேர் ஹோட்டலில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஆட்டோவில் வீடு திரும்பலாம்.

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு போய், சிங்கப்பூருக்கே திரும்புகிற சின்னச் சுற்றுதான் எங்கள் கப்பல் பயணம். நான், இவர், மகள், என் மாமியார். அக்டோபர் முதல் வாரம் டிக்கெட் விலை சல்லிசாக இருந்ததற்குக் காரணம் தெரிந்தேதான் போனோம். "மலேசியாவில் மழை நவம்பரில்தானே" என்று பலர் சொல்வார்கள். அது கிழக்குக் கரைக் கணக்கு. கிளாந்தான், திரெங்கானு பக்கம் நவம்பர், டிசம்பரில் வெள்ளம் வரும். பினாங்கு மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கே செப்டம்பரும் அக்டோபரும்தான் வானம் பொத்துக்கொள்ளும் மாதங்கள். நல்ல வெயில் வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரியில் போக வேண்டும். அப்போது பள்ளிக்கூடத்துக்கு யார் லீவு போடுவது? கப்பல் கம்பெனிக்காரர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் லீவு நாளில் மழையை மட்டும் மலிவாகத் தருகிறார்கள்.

கப்பலைப் பற்றி நிறைய எழுதப் போவதில்லை. ஜன்னல் இல்லாத உள்ளறை எடுத்தோம், அதுதான் கட்டுப்படியானது. விளக்கை அணைத்தால் பகலா இரவா தெரியாது, தூக்கம் மட்டும் பிரமாதம். மலாக்கா நீரிணையில் அலையே இல்லை, யாருக்கும் தலைசுற்றவில்லை. ராத்திரி மேல்தளத்தில் நின்றால் வரிசையாகச் சரக்குக் கப்பல்களின் விளக்குகள். சாப்பாடு காசில்லை, தண்ணீர் காசில்லை, மற்ற எதைத் தொட்டாலும் காசு. ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு டிப்ஸ் என்று அவர்களே கணக்கில் ஏற்றிவிடுகிறார்கள், குழந்தைக்கும் சேர்த்து. இதை டிக்கெட் விலையிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

பினாங்கில் கப்பல் நிற்பது ஜார்ஜ் டவுன் நகரத்தின் வாசலிலேயே இருக்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையில். கப்பல்காரர்களே ஒரு கடற்கரைச் சுற்றுலா ஏற்பாடு செய்திருந்தார்கள். பஸ்ஸில் கூட்டிப் போய், ஒரு ரிசார்ட் வாசலில் விட்டு, கூட்டி வருவார்கள். அதற்கு ஆளுக்கு ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல். நாலு பேருக்கு இருபதாயிரம்! அதில் ஒரே ஒரு சௌகரியம், அவர்கள் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதித்தால் கையசைத்துவிட்டுப் போய்விடும். எட்டு மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும் என்று அறிவிப்பு. மத்தியானம்தானே, நேரம் நிறைய இருக்கிறது, டவுன் பஸ்ஸிலேயே போகலாம் என்று இவர் சொன்னார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

இறங்கும்போது வானம் மூடித்தான் இருந்தது, மழை இல்லை. துறையிலிருந்து வெளியே வந்ததுமே ஒரு வெள்ளை மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணி ஆண்ட அறுபது வருஷத்துக்கு அறுபது அடி உயரம் என்று கட்டினார்களாம். கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது, போர்க்காலக் குண்டுவீச்சின் வேலை. மாமியார் அதைப் பார்க்கவே இல்லை. கப்பலையும் தண்ணீரையும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, "எங்க பெரியப்பா இந்த ஊருலதான் வந்து எறங்குனாரு, ரஜூலா கப்பல்ல" என்றார். நாகப்பட்டினத்தில் ஏறி டெக்கிலேயே பாய் விரித்துப் படுத்து வந்தவர்களின் காலம் அது. ரஜூலாவுக்குப் பின்னால் சிதம்பரம் கப்பல் ஓடியது. 1985-இல் அது தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் போக்குவரத்தே நின்றுபோனது. "அவருக்கு நீச்சல் குளமெல்லாம் இருந்துச்சா அப்பத்தா?" என்று மகள் கேட்டாள். "சுத்தியும் கடல்தாண்டி" என்றார் மாமியார்.

துறையிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் ஜெட்டி பஸ் நிலையம். 101-ஆம் எண் பஸ் அங்கிருந்துதான் கிளம்புகிறது, கொம்தார் என்கிற உயரமான கட்டடம் வழியாகப் போய் பத்து ஃபெரிங்கி, தெலுக் பகாங் வரை போகும். டிக்கெட் சில ரிங்கிட்தான், மகா மலிவு. ஆனால் அந்தப் பயணத்தை நான் மறக்க மாட்டேன். நாங்கள் ஏறியபோதே உட்கார இடமில்லை. மாமியாருக்கு மட்டும் ஒரு சீனப் பையன் எழுந்து இடம் கொடுத்தான், நன்றாக இருக்கட்டும். கொம்தாரில் இன்னும் ஒரு கூட்டம் ஏறியது. அங்கேதான் மழையும் ஆரம்பித்தது. ஏறுகிற ஒவ்வொருவரும் சொட்டச் சொட்ட ஒரு குடையோடு ஏறினார்கள், பாதிக் குடை என் கால் மேல்தான் வடிந்தது. அந்த ஊர்க்காரர்கள் ஏசியை எதற்காக அப்படி வைக்கிறார்கள் என்று தெரியவில்லை. நனைந்த துணியோடு நின்றவர்களுக்குப் பல் கிட்டியது. கப்பலில் கொடுத்திருந்த பீச் டவல் ஒன்றை எடுத்து மாமியாருக்குப் போர்த்திவிட்டேன். கடலில் குளித்துத் துடைக்க எடுத்துப் போன டவல், முதலில் பஸ்ஸுக்கே உபயோகமானது.

தஞ்சோங் தோகோங் பக்கம் போக்குவரத்து அப்படியே உறைந்துவிட்டது. கண்ணாடியில் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. மகள் விரலால் துடைத்த இடத்தில் அடுக்கு மாடிக் கட்டடங்கள், அப்புறம் தண்ணீருக்குள் தூண் நட்டுக் கட்டிய மசூதி. தஞ்சோங் பூங்கா என்கிற பகுதியைத் தாண்டியதும் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் வளைந்து வளைந்து போகும் ரோடு. வெயில் நாளில் அருமையான பாதையாக இருந்திருக்கும். அன்று டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் பிரேக் போட, நின்றவர்களெல்லாம் மொத்தமாக ஒருவர் மேல் ஒருவர் சரிந்தோம்.

பத்து ஃபெரிங்கி மழை இல்லாத நாளிலும் உலக அழகுக் கடற்கரை இல்லை என்பது என் கருத்து. தாய்லாந்துப் படங்களில் பார்க்கிற பச்சைத் தண்ணீரை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மணல் நீளமாக, அகலமாக இருக்கிறது, ஓரத்தில் சவுக்கு மரங்கள், பின்னால் பெரிய பெரிய ஹோட்டல்கள். கடல் கொஞ்சம் கலங்கல்தான். மழையில் அது சுத்தமாக டீத்தண்ணி. மலையிலிருந்து இறங்கிய செம்மண் தண்ணீர் மணலை அறுத்துக்கொண்டு ஓடிக் கடலில் விழுந்தது. கரையில் இரண்டு அடி உயரத்துக்கு ஒரு மணல் சுவர், எங்கள் கண் முன்னாலேயே கட்டி கட்டியாக இடிந்து அந்த ஓடைக்குள் விழுந்துகொண்டிருந்தது. மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடலைவிட அவளுக்கு அதுதான் பிடித்திருந்தது.

ஜெட் ஸ்கீ எல்லாம் மூடிக் கிடந்தன. வாடகைக்கு விடுகிறவர்கள் ஒரு நீலத் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்கள். "அரை மணி நேரம், நின்றுவிடும்" என்றார் ஒருவர். அரை மணி நேரம் கழித்தும் அதையேதான் சொன்னார். கூடவே பாராசூட்டுக்குத் தள்ளுபடி தருவதாகவும் சொன்னார். இடி இடித்துக்கொண்டிருக்கிறது, இந்த மனுஷன் வானத்தில் தூக்கிவிடுகிறேன் என்கிறார்! ராத்திரிக் கடைகளுக்குப் பேர்போன தெரு அது. ஆனால் கடை போடுவது சாயங்காலத்துக்கு மேல்தான். நாங்கள் போன நேரத்தில் ரோட்டோரம் வெறும் இரும்புச் சட்டங்கள்தான் நனைந்து கிடந்தன.

என் மாமியார் மட்டும் கடலுக்கு வந்தவர் கடலுக்குப் போனார். "ராமேஸ்வரத்துல நனையலையா? கடலுக்கு வந்துட்டு கால் நனைக்காமப் போறதா?" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குடையும் பிடித்துக்கொண்டு, முட்டியளவு தண்ணீரில் நின்றார். ஒரு கை தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். மேலே மழை, கீழே கடல், இடையில் எதற்குக் குடை என்று இவர் சிரித்ததற்கு, கண்ணாடி நனையும் என்று பதில் வந்தது. குடும்பத்தில் அவர் ஒருவர்தான் அன்று கொடுத்த காசுக்குக் கடலை அனுபவித்தவர்.

மணி நாலரை ஆகியும் மழை விடவில்லை. பஸ்ஸில் மறுபடி அதே நெரிசலில் மாட்டினால் எட்டு மணிக்குள் போக முடியுமா என்ற பயம் வந்துவிட்டது. கார் பிடிக்கும் கிராப் செயலியில் முதலில் இருபத்து நாலு ரிங்கிட் காட்டியது, அப்புறம் நாற்பத்தொன்று காட்டியது, அப்புறம் காரே இல்லை என்றது. அந்த நேரம் பார்த்து ஒரு டாக்ஸி வந்து நின்றது. மீட்டர் போடச் சொன்னோம். டிரைவர் வானத்தைக் காட்டி, எண்பது என்றார். நாங்கள் தமிழில் எங்களுக்குள், "சரியான கொள்ளையா இருக்கே, அம்பதுன்னு கேளுங்க" என்று பேசிக்கொண்டிருந்தோம். அவர் திரும்பி நல்ல தமிழில், "கொள்ளை இல்லம்மா, மழை" என்றார். தமிழரா நீங்கள் என்று கேட்ட பிறகாவது இருபது ரிங்கிட் இறங்குவார் என்று பார்த்தால், பத்துதான் இறங்கினார். மாமியார் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்த பிறகு இன்னும் பத்து. ஆக அறுபது.

வழியெல்லாம் பாசமான பேச்சு. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், மதுரையில் இப்போது தங்கம் என்ன விலை. "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, கேம்பல் ஸ்திரீட் ஹமீதியாவில் நாசி கண்டார் சாப்பிடாமல் கப்பல் ஏறாதீர்கள் என்றார். நல்ல யோசனைதான். அதற்காக அறுபது ரிங்கிட் நியாயமாகிவிடாது, இப்போதும் வயிறு எரிகிறது.

லிட்டில் இந்தியாவில் இறக்கிவிட்டார். அங்கேயும் அதே மழைதான், ஆனால் நனையவே இல்லை. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளுக்கு முன்னால் தொடர்ச்சியாகக் கூரை போட்ட நடைபாதை இருக்கிறது, அஞ்சடி என்பார்கள். நடுவில் எங்கேயாவது ஒரு கடைக்காரர் மோட்டார் பைக்கை நிறுத்தி வழியை மறித்திருப்பார், அங்கே மட்டும் ரோட்டில் இறங்கி ஏற வேண்டும். பூக்கடை, பாத்திரக் கடை, சேலைக் கடை, ஒவ்வொரு கடை வாசலிலும் ஸ்பீக்கர் அலறுகிறது. குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் 1833-இல் கட்டியது, பினாங்கிலேயே பழைய இந்துக் கோயில். நவராத்திரி நேரம் என்பதால் விளக்கும் கூட்டமுமாக இருந்தது. ஈரச் சேலையோடு உள்ளே போகலாமா என்று நான் யோசிப்பதற்குள் மாமியார் சுற்றி வந்து, துன்னூறு பூசிக்கொண்டு, பக்கத்தில் சைவக் கடை எங்கே என்று விசாரித்தும் முடித்துவிட்டார். அவர் புரட்டாசி முழுவதும் கவுச்சி தொடமாட்டார். நாங்கள் சனிக்கிழமை மட்டும்தான். அன்று சனிக்கிழமை இல்லை என்பதை இவர் இரண்டு தடவை போனில் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

மாமியாருக்குத் தோசை வாங்கிக் கொடுத்துவிட்டு, அஞ்சடி வழியாகவே ஹமீதியாவுக்கு நடந்தோம். 1907-லிருந்து இருக்கும் கடை. நாசி கண்டார் தமிழ் முஸ்லிம்கள் அந்த ஊருக்குக் கொடுத்த சாப்பாடு. அந்தக் காலத்தில் தோளில் கம்பு வைத்து, ஒரு முனையில் சோறும் மறு முனையில் குழம்புமாகத் தூக்கிப் போய் விற்றிருக்கிறார்கள். இப்போது வரிசையில் நின்று, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் தட்டுகளைக் கைகாட்டி வாங்க வேண்டும். சோறு, அதன் மேல் முழுசாக வேகவைத்த வெண்டைக்காய், கருஞ்சிவப்பாகப் பொரித்த கோழி, கணவாய். பரிமாறியவர் கோழிக்குழம்பில் ஒரு கரண்டி, மீன்குழம்பில் ஒரு கரண்டி, மாட்டுக்கறிக் குழம்பு வேண்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்றதும் கணவாய்க் குழம்பில் ஒரு கரண்டி என்று ஊற்றிக்கொண்டே போனார். இப்படிக் கலந்தால் விளங்குமா என்றுதான் நினைத்தேன். முதல் வாயிலேயே வாயடைத்துப் போனேன். பட்டையும் சோம்பும் தெரிகிற நம் ஊர்க் குழம்புதான், ஆனால் ஒரு இனிப்பும் ஒரு கறுப்பும் கூடச் சேர்ந்து, சோறு அடிவரை ஊறி, காரம் கடைசியாக மெல்ல ஏறுகிறது. இவர் பேசவே இல்லை. மகளுக்குக் கறி அடைத்த பரோட்டா மாதிரியான முர்தபாக், எங்களுக்கு நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ. எல்லாம் சேர்த்தும் பில் டாக்ஸிக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. கப்பலில் காசில்லாமல் சாப்பிட்ட எதுவும் இதன் பக்கத்தில் நிற்காது.

ஆகவே அக்டோபரில் போகிறவர்களுக்கு: வானம் கறுத்திருந்தால் கடற்கரையை விட்டுவிடுங்கள், நகரத்துக்குள்ளேயே சுற்றுங்கள், எல்லாம் நடக்கிற தூரம், கப்பலும் கண்ணெதிரே இருக்கும். மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து நமக்கு விசா வேண்டாம். சிங்கப்பூர் விசா மட்டும் பல முறை நுழையும் வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள், கப்பல் திரும்பி வரும்போது நீங்கள் மறுபடியும் நுழைகிறீர்கள். 101 பஸ்ஸில் ரொக்கமாகக் கொடுத்தால் மீதிச் சில்லறை கிடையாது, ஒரு ரிங்கிட் நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் டவலைத் தொலைத்தால் கணக்கில் ஏற்றிவிடுவார்கள். எங்கள் நாலு டவலும் ஈரத்தில் ஆளுக்கொரு மூட்டை கனம் கனத்தன. வாசலில் அதை எண்ணி வாங்கியவரிடம், நனைந்த டவலுக்குத் தனிக் கட்டணம் ஏதாவது உண்டா என்று இவர் கேட்டார். இல்லையாம்.