நோட்டில் இல்லாத வரி

ஜூலை மாதம் எங்கள் ஆபீஸ் படிக்கட்டில் கால் வைக்க இடம் இருக்காது, அவ்வளவு செருப்பு. நாமக்கல்லில் ஓர் ஆடிட்டரிடம் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. வருகிறவர்களில் பாதிப் பேர் லாரிக்காரர்கள். இருபது வண்டி, முப்பது வண்டி வைத்திருக்கிறவர்களைச் சொல்லவில்லை, அவர்களுக்கு மேனேஜர் இருக்கிறார், கணக்கு மெயிலில் வந்துவிடும். படியேறி வருகிறவர்கள் ஒரே ஒரு வண்டி வாங்கி அதைத் தாங்களே ஓட்டுகிறவர்கள், இல்லையென்றால் அவர்கள் வீட்டுப் பெண்கள். மஞ்சப்பைக்குள் ஒரு நீள நோட்டு, ரப்பர் பேண்டு போட்ட டீசல் பில், எழுத்து அழிந்துபோன எடைச்சீட்டு. வெயிலில் டேஷ்போர்டு மேல் கிடந்த சீட்டில் எழுத்து எங்கே நிற்கும்?

இந்த நோட்டுகளை ஐந்து வருடமாகப் படிக்கிறேன். அதற்கு முன்னால் ஏழு வருடம் இதே ஊரில் ஒரு ஃபைனான்ஸில் கலெக்‌ஷன் வேலை. அதாவது முதலில் இவர்களிடம் பணம் வசூலிக்கிற பக்கம் இருந்தேன், இப்போது அந்தப் பணம் எங்கே போனது என்று தேடுகிற பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு அக்காவின் நோட்டைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் பன்னெண்டு வீல் வண்டி ஓட்டுகிறார், 2018 மாடல், இரண்டாம் கையாக வாங்கியது. அக்காவின் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும், அவர் லைனில் இருந்து போனில் சொல்லச் சொல்ல இவர் எழுதி வைப்பார். 2023இல் ஒரு டிரிப். சேலத்து ஜவ்வரிசி 22 டன் நாசிக்குக்கு, டன் 2,900 வீதம் 63,800 ரூபாய். திரும்பி வரும்போது வெங்காயம் 24 டன், டன் 3,000, ஆக 72,000. போக வர வாடகை 1,35,800. கேட்டால் நல்ல பணம் மாதிரித்தான் இருக்கிறது.

போக வர 2,600 கிலோமீட்டர். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் 650 லிட்டர் டீசல், 58,500. அதுகூட அவர் ஓசூர் தாண்டும்வரை டேங்கை ஒட்டி ஒட்டி ஓட்டிப் போய் கர்நாடகாவில் ரொப்பியதால். அப்போது அங்கே லிட்டருக்கு ஆறு ரூபாய் குறைவு. டோல் 18,000. ஃபாஸ்டேக் வந்த பிறகு நிற்காமல் போகலாம், உண்மைதான், ஆனால் முன்பு கையில் காசு இல்லையென்றால் வழியில் யாரிடமாவது வாங்கிக் கட்டுவார்கள், இப்போது ரீசார்ஜ் தீர்ந்தால் கூடுதல் கட்டணம், அதனால் வண்டி கிளம்பும் முன்பே அந்தப் பணத்தை வீட்டிலிருந்து போட்டாக வேண்டும். புரோக்கர் கமிஷன் 4,000. ஏத்துக்கூலி, இறக்குக்கூலியோடு சேர்த்து ‘வழி’ என்று எழுதி 6,000. அந்த வழி எந்த வழி என்று நானும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. புகையைச் சுத்தமாக்க ஊற்றுகிற ஆட்ப்ளூ 1,500, சாப்பாடு 4,000. எல்லாம் போக மீதி 43,800.

ஒரு டிரிப்புக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. மாதத்துக்கு இரண்டரை டிரிப் அடித்தால் 1,09,500. இதில் வண்டிக் கடனுக்கு மாத டியூ 52,700 (பதினைந்து லட்சம், 16 சதவீத வட்டி, மூன்று வருடம்). இன்சூரன்ஸ், காலாண்டு வரி, நேஷனல் பெர்மிட் 16,500, இரண்டு வருடத்துக்கொரு முறை எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, நிறுத்தி பெயின்ட் அடித்து பாடி வேலை பார்ப்பது, எல்லாவற்றையும் மாதக் கணக்காகப் பிரித்தால் 20,000. இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியம் மட்டுமே இந்த எடை வண்டிக்கு 2022 ஜூனிலிருந்து 43,950, ஜிஎஸ்டி தனி, அதில் பேரம் கிடையாது. டயருக்கு மாதம் 15,000 ஒதுக்க வேண்டும். ஒதுக்க மாட்டார்கள், ஆனால் டயர் தேய்வது ஒதுக்கினாலும் ஒதுக்காவிட்டாலும் தேயத்தான் செய்யும். ஆயில், கிரீஸ், ஸ்பிரிங் பட்டை உடைவது, கிளட்ச் என்று 10,000. கூட்டினால் 97,700. கையில் நிற்பது 11,800.

நாசிக்கில் வெங்காய லோடு கிடைக்க நாலு நாள் காத்துக் கிடந்தாலோ, இறக்குகிற இடத்தில் குடோன் பூட்டிக் கிடந்தாலோ அந்த மாதம் இரண்டே டிரிப். அப்போது 87,600 வரவுக்கு 97,700 செலவு.

இந்த வேலைக்கு வந்த முதல் வருடம் இந்த மாதிரி நோட்டுகளைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தபோது ஏதோ ஒன்று இடறிக்கொண்டே இருந்தது. வேறொரு வண்டிக்காரர், இரண்டு வண்டி வைத்திருந்தவர், கொண்டுவந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. அதில் ‘டிரைவர் சம்பளம்’ என்று ஒரு வரி இருந்தது. தானே ஓட்டுகிறவர் நோட்டில் அந்த வரியே இல்லை. அக்காவிடம் கேட்டேன்.

“நம்ம வண்டிய நாமளே ஓட்டறதுக்கு எதுக்குங்க தம்பி சம்பளம்? அந்தக் காசு மிச்சமாகட்டும்னுதானே டிரைவர் போடாம அவரே போறாரு.”

மிச்சம் எங்கே என்று நான் கேட்கவில்லை. நோட்டு அவர் கையில்தான் இருந்தது.

அடுத்தவர் வண்டியில் இதே லைனுக்குப் போகிற டிரைவருக்கு டிரிப்புக்குப் பன்னிரண்டாயிரமாவது கொடுக்க வேண்டும். பத்து நாள் ராத்திரி பகலாக வண்டி ஓட்டுகிறவனுக்கு அதுவே குறைச்சல் என்பேன். இவருக்கோ அது இல்லை, கிளீனரும் இல்லை. கிளீனர் வைத்து ஓட்டுகிற காலம் முடிந்து பல வருடமாகிறது. ரிவர்ஸ் எடுக்கும்போது தட்டிச் சொல்ல ஆள் இல்லாமல் இவரே இறங்கிப் பார்த்து, ஏறி, மறுபடி இறங்கிப் பார்க்கிறார். மாதம் மிஞ்சுகிற 11,800ஐ லாபம் என்று நினைக்கிறார்கள். அது லாபமே இல்லை, அவருடைய கூலியில் கால்வாசியோ அரைவாசியோதான். மீதிக் கூலியை வண்டி சாப்பிட்டுவிடுகிறது. சொல்லப்போனால் வண்டிக்கு இவர் டிரைவர் வேலை பார்க்கிறார், சம்பளம் சரியாகத் தராத முதலாளியும் இவரேதான்.

இங்கே வருமான வரிச் சட்டம் ஒரு வேடிக்கை செய்கிறது. பத்து வண்டிக்குள் வைத்திருக்கிறவர்கள் பெரிய கணக்குப் புத்தகம் எழுத வேண்டாம் என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. கனரக வண்டி என்றால் மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று வைத்துக்கொள்ளலாம். 35 டன் வண்டிக்கு மாதம் 35,000, வருடம் 4,20,000. இதைவிடக் குறைவு என்று சொல்ல வேண்டுமானால் முறையாகக் கணக்கு எழுதித் தணிக்கை செய்ய வேண்டும், அதற்கு ஆகிற செலவுக்கு இதையே ஒத்துக்கொள்ளலாம். அந்த வருமானத்துக்கு வரி ஒன்றும் வராது என்பதால் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ரிட்டர்ன் இருந்தால்தானே அடுத்த கடன். ஆக நோட்டில் 11,800, காகிதத்தில் 35,000. இரண்டையும் ஒரே பேனாவில் எழுதுகிறவன் நான்.

காகிதத்தில் பணக்காரராக இருப்பதற்கு விலை உண்டு. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் தொடங்கியபோது அக்காவும் விண்ணப்பம் போட்டார். வருட வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், கார், டிராக்டர், கனரக வாகனம் வைத்திருக்கக் கூடாது. தெருவில் எல்லாருக்கும் மெசேஜ் வந்தது, இவருக்கு வரவில்லை. “ஓனரம்மாவுக்கு எப்படிப்பா கெடைக்கும்” என்று பக்கத்து வீட்டில் சிரித்தார்களாம். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே ‘லாரி உரிமையாளர்’ என்று போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். ஒரே வண்டியாக இருந்தாலும், அதில் பாதிக்குமேல் ஃபைனான்ஸுக்குச் சொந்தமாக இருந்தாலும் உரிமையாளர்தான். ‘லாரி ஓட்டுநர்’ என்று போட்டு ஒரு பத்திரிகைகூட நான் பார்த்ததில்லை.

அக்கா வீட்டுக்கு ஒருமுறை ஆர்சி நகல் வாங்கப் போயிருந்தேன். சுவரில் தினசரி காலண்டர். கிழிக்காத தாள்களின் ஓரத்தில் அங்கங்கே மடித்து விட்டிருந்தார். ஒன்றில் ‘டியூ’, ஒன்றில் ‘இன்சூ’, இன்னொன்றில் ‘பாக்கி கேக்கணும்’. வாடகையில் எண்பது சதவீதம்தான் அட்வான்ஸாக வரும், மீதி, லோடு இறக்கிக் கையெழுத்து வாங்கிய ரசீது, லோடு பிடித்துக் கொடுத்த புக்கிங் ஆபீஸ் போய்ச் சேர்ந்த பிறகு. ஒரு மாதம், நாற்பது நாள் ஆகும், அதிலும் வெங்காயம் அழுகல், எடை குறைவு என்று ஐந்நூறோ ஆயிரமோ பிடிப்பார்கள். பாக்கி கேட்டுப் புக்கிங் ஆபீஸ் வாசலில் நிற்பது அக்காதான். டியூ தேதியோ பாக்கி வரும்வரை காத்திருக்காது. நடுவில் இருக்கிற பள்ளத்தைத் தோடும் வளையலும் அடைக்கும். “ஆறு டயரு என் கழுத்துல இருந்து போனதுங்க” என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார்.

என் பழைய வேலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மூன்று டியூ நின்றுவிட்டால் வண்டி என் லிஸ்ட்டுக்கு வரும். முதலில் போன், அப்புறம் வீடு, அப்புறம் ஜாமீன் போட்டவர் வீடு. ஜாமீன் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் இன்னொரு ஒற்றை வண்டிக்காரர், அவருக்கு இவர் ஜாமீன். ஒருவர் சரிந்தால் அடுத்தவரும் தூங்க முடியாது. நாங்கள் அதைத் தெரிந்தேதான் அங்கே போய் நிற்போம். ஜாமீன் போட்ட மச்சான் வீட்டு வாசலில் பத்து நிமிடம் பைக்கை நிறுத்தி நின்றால் போதும், சாயங்காலம் பாதிப் பணமாவது வந்துவிடும்.

2018இல் தொப்பூருக்கு இந்தப் பக்கம் ஒரு பங்க்கில் பத்து வீல் வண்டி ஒன்றைப் பிடித்தோம். சீசிங் ஆட்கள் வேறு, நான் ஃபைலோடு நிற்கிற ஆள். அந்த வருடம் ஜூலையில் ஏற்றுகிற எடை வரம்பைக் கூட்டியிருந்தார்கள், பத்து வீலுக்கு 25 டன்னிலிருந்து 28.5. ஒரே நாளில் எல்லா வண்டியும் பெரிதானது மாதிரி, சரக்கு அதேதான். வாடகை இறங்கியது அதனால்தான் என்று வண்டிக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள், அப்போது எனக்கு அது டியூ கட்டாததற்கு ஒரு சாக்காகத்தான் பட்டது. வண்டி காலியாக நின்றது. அவர் கேபினில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சாவியைக் கேட்டதும் சண்டை வரும் என்று நினைத்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, “தார்ப்பாய் லோன்ல இல்லீங்கள்ல?” என்றார்.

ஃபைலைப் பார்த்தேன். சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இருந்தது, தார்ப்பாய் இல்லை. அவரே மேலே ஏறி, கயிற்றை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, தார்ப்பாயைக் கீழே தள்ளி, பங்க் தரையில் விரித்து மடித்தார். அது ஒரு ஆள் மடிக்கிற சமாச்சாரம் இல்லை. ஒரு முனையை நான் பிடித்தேன். ஸ்டவ், குக்கர், போர்வை, அரை மூட்டை அரிசி எல்லாம் அந்த மடிப்பின் மேல் வைத்தார். அந்தப் பக்கமாக வந்த தெரிந்த வண்டி ஒன்றை நிறுத்தி, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, ‘வர்றனுங்க’ என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார். அவர் வண்டி, பிடித்த வண்டிகளை நிறுத்துகிற யார்டில் கிடந்த நாட்களுக்கான வாடகையும் அவர் கணக்கில்தான் ஏறியது. ஏலத்தில் போனது போக வந்த பாக்கிக்கு ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ். அதை அனுப்பியதும் நான்தான்.

2020இல் கொரோனா ஊரடங்கில் ஆறு மாதம் டியூ கட்ட வேண்டாம் என்று வந்தபோது போன் போட்டுச் சொல்லும் வேலையும் எங்களுக்கே. “தள்ளுபடிங்களா?” என்று கேட்டவர்களுக்கு, இல்லை, தள்ளி வைப்பு மட்டும்தான், வட்டி ஓடும் என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு லட்சம் பாக்கி இருந்தவருக்கு அந்த ஆறு மாத வட்டியே ஒரு லட்சத்தை ஒட்டி வந்தது. சிலர் வேண்டாம் என்று நகையை வைத்துக் கட்டினார்கள், அவர்கள்தான் புத்திசாலிகள் என்று இப்போது தோன்றுகிறது, ஆனால் அப்போது லோடே இல்லாமல் வண்டி வீட்டு முன்னால் நின்றது, எல்லாரிடமும் நகையும் இல்லை. அந்த வருடக் கடைசியில் நான் வேலையை விட்டேன். பெரிய மனமாற்றம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், இன்சென்டிவ் நின்றுபோனது ஒரு காரணம்.

அக்காவிடம் போன வருடம், இனிமேல் டிரிப்புக்கு ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், டிரைவர் சம்பளம் 12,000 என்று, கொடுக்காவிட்டாலும் எழுதுங்கள் என்று சொல்லி வைத்தேன். மறந்துவிடுவார் என்று நினைத்தேன். இந்த ஜூலையில் வந்தார். நோட்டில் ஒவ்வொரு டிரிப்புக்கும் கடைசியில் சிவப்பு மையில், அதே குண்டு எழுத்தில், ‘டிரைவர் சம்பளம் 12,000 – பாக்கி’. 26 டிரிப். கடைசிப் பக்கத்தில் கூட்டியும் வைத்திருந்தார், 3,12,000.

“எழுதச் சொன்னீங்கன்னு எழுதிட்டனுங்க தம்பி. இதுக்கு எந்த ஆபீஸ் வாசல்ல போயி நிக்கறது?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். வெளியே அவர் வண்டிக்கு லோடு ஆகிவிட்டதாகப் போன் வந்தது. நான் 4,20,000 என்று அடித்து வைத்திருந்த தாளை நீட்ட, அவர் வாங்கி, பேனா கேட்டார். வீட்டுக்காரர் சாயங்காலம் கிளம்புவதற்குள் கையெழுத்து வாங்கிக் கொண்டுவருவதாகச் சொன்னார்.