ஆணிகளைத் தாங்கும் சிலுவை: கவன்ட்ரியிலும் சிசெஸ்டரிலும் ஜெஃப்ரி கிளார்க்

லண்டன் யூஸ்டனில் ரயில் ஏறினால் கவன்ட்ரிக்கு ஒரு மணி நேரம்தான். பேராலயத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஓவியர் கிரஹாம் சதர்லேண்டின் பிரம்மாண்டமான பச்சைத் திரைச்சீலையைப் பார்த்து மலைத்துப்போய், அதற்கு முன்னால் பலிபீடத்தில் நிற்கும், சிற்பி ஜெஃப்ரி கிளார்க் செய்த சிலுவையைக் கவனிக்காமலே திரும்பிவிடுகிறார்கள். திரைச்சீலையின் உயரம் ஏறத்தாழ 23 மீட்டர். அதிலுள்ள கிறிஸ்துவின் பாதங்களுக்கு இடையே ஆளுயரத்தில் ஒரு மனிதன் நிற்கிறான், வாசலிலிருந்து பார்த்தால் அவனே ஒரு புள்ளிதான். சிலுவைக்காகப் போகிறவர்கள் நேராக முன்னால் போய்விட வேண்டும்.

அதற்கு முன், பழைய ஆலயத்தின் இடிபாட்டுக்குள் பத்து நிமிடமாவது நில்லுங்கள். 1940 நவம்பர் 14 இரவு குண்டுவீச்சில் கூரை எரிந்து விழுந்தது. மரச் சட்டங்களைப் பிணைத்திருந்த இடைக்கால இரும்பு ஆணிகள் சாம்பலில் கிடந்தன. அவற்றில் மூன்றைச் சிலுவையாகச் சேர்த்ததுதான் ‘ஆணிச் சிலுவை’. கருகிய உத்திரங்களைக் கட்டி நிறுத்திய சிலுவை வேறு. அதன் அசல் பாதுகாப்பாகப் புதிய ஆலயத்தின் உள்ளே இருக்கிறது, இடிபாட்டில் இப்போது நிற்பது பிரதி. வெள்ளிக்கிழமை போகிறவர்கள் நண்பகலில் அங்கே நடக்கும் ஒப்புரவு ஜெபத்திலும் நிற்கலாம்.

பேசில் ஸ்பென்ஸ் வடிவமைத்த புதிய ஆலயம் 1962 மே 25 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. அதன் பலிபீடச் சிலுவையைச் செய்ய வந்த கிளார்க் (1924–2014) வண்ணக் கண்ணாடி படித்தவர், இரும்பை வளைத்துப் பெயர் வாங்கியவர். 1952 வெனிஸ் பியெனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் பிரிட்டிஷ் அரங்கில் பேசப்பட்ட இளம் சிற்பிகளில் ஒருவர். இங்கே அவருக்குக் கொடுத்த வேலை சிக்கலானது. ஆணிச் சிலுவை கையடக்கமானது, கறுத்தது. அதைத் தனியாக வைத்தால் அந்தப் பெரிய கூடத்தில் கண்ணுக்கே தெரியாது. சுற்றிலும் அழகாக எதையாவது கட்டினாலோ ஆணி வெறும் பதக்கமாகிவிடும். கிளார்க் செய்தது, தங்க முலாம் பூசிய வெள்ளியில் ஓர் ஏந்தல். இரண்டு கட்டைகளைக் குறுக்கே வைத்த வழக்கமான வடிவம் அங்கே இல்லை. நடுவில் ஆணிகள், அவற்றைப் பிடித்துக்கொண்டு விரியும் உலோகம், அவ்வளவுதான். பளபளப்பு வெளியே இருக்க, மையத்தில் துருவின் நிறம். நல்ல நகையில் கல் மின்னும், கட்டு அடங்கியிருக்கும். இங்கே அது தலைகீழ், இந்தச் சிலுவையின் வெற்றியே அதில்தான் இருக்கிறது.

இரும்பையும் வெள்ளியையும் ஒன்றாக வைப்பது எளிதல்ல. ஈரம் பட்டால் இரண்டுக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கும். கெடுவது இரும்புதான். அதனால் இப்படிப்பட்ட வேலைகளில் தொடும் இடத்தில் உலோகம் அல்லாத மெல்லிய தடுப்பு வைப்பார்கள், அல்லது இரும்புக்கு மெழுகுப் பூச்சு கொடுப்பார்கள். முலாமுக்கும் தனிப் பத்தியம் உண்டு. வெள்ளிக்குப் போடும் பாலிஷ் தேய்த்துத் தேய்த்துக் கறுப்பை எடுக்கும். முலாமின் மேல் அதையே போட்டால் விளிம்புகளில் தங்கம் போய் வெள்ளி எட்டிப்பார்க்கும், பிறகு அந்த இடம் மட்டும் கறுக்கும். முலாம் பூசிய எந்தச் சிலுவையையும் பார்க்கும்போது முதலில் விளிம்புகளைப் பாருங்கள். எத்தனை பேர் எப்படித் துடைத்தார்கள் என்பது அங்கே தெரியும்.

வெளிச்சத்துக்கு வருவோம். புதிய ஆலயத்தின் பலிபீடம் வழக்கம்போல் கிழக்கில் இல்லாமல் வடக்கில் இருக்கிறது. பக்கச் சுவர்கள் ரம்பப் பல்போல மடிந்து மடிந்து போவதால் ஜன்னல்களின் ஒளி பலிபீடத்தை நோக்கி விழுகிறது. அதனால்தான் நுழைந்தவுடன் அந்த ஜன்னல்கள் கண்ணில் படாது. காலையில் கிழக்குப் பக்க ஜன்னல்களிலிருந்தும் பிற்பகலில் மேற்குப் பக்கத்திலிருந்தும் வெயில் வரும். சிலுவையைப் பார்த்த பிறகு அங்கேயே திரும்பி நின்றால் பத்து ஜன்னல்களும் ஒன்றாகத் தெரியும். லாரன்ஸ் லீ, கீத் நியூ, கிளார்க் மூவரும் ஆளுக்கு மூன்று செய்தார்கள், ஒன்றைச் சேர்ந்து செய்தார்கள்.

கிளார்க்கின் இன்னொரு முகத்தைப் பார்க்க சிசெஸ்டர் பேராலயத்துக்குப் போக வேண்டும். லண்டன் விக்டோரியாவிலிருந்து ரயில், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கவன்ட்ரியோடு ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். தெற்கு நடைபாதையின் கோடியில் சதர்லேண்டின் சிறிய ஓவியம் தூரத்திலேயே கண்ணை இழுக்கும். கட்டடக் கலைஞர் ராபர்ட் பாட்டரோடு சேர்ந்து கிளார்க் 1966-இல் செய்த பிரசங்க மேடையைத் தேடிப் போங்கள். அலுமினிய வார்ப்பு.

1960-களில் கிளார்க் தெர்மோகோலில் வடிவம் செதுக்கி வார்த்தார். மெழுகு வார்ப்பில் மெழுகை முதலில் உருக்கி வெளியேற்ற வேண்டும். இதில் அந்த வேலையே இல்லை. சூடான கம்பியாலும் கத்தியாலும் வெட்டிய தெர்மோகோலை மணலில் புதைத்து, 700 டிகிரியைத் தாண்டிய அலுமினியத்தை நேரே ஊற்றுவார்கள். தெர்மோகோல் ஆவியாக, உலோகம் அந்த இடத்தைப் பிடிக்கும். ஆவி போக வழியில்லாமல் மணலை இறுக்கிவிட்டால் உள்ளே குமிழ் ஓட்டைகள் விழும். தயங்கித் தயங்கி ஊற்றினால் மெல்லிய முனைகளை எட்டுவதற்குள் உலோகம் உறைந்துவிடும். புகை நச்சு, மூடிய அறையில் செய்யவே கூடாது. ஒருமுறை ஊற்றினால் செதுக்கிய வடிவம் போய்விடும், வார்ப்பு சொதப்பினால் மறுபடி முதலிலிருந்து செதுக்க வேண்டியதுதான்.

சிலுவை வடிவத்தை வார்க்கும்போது இன்னொரு தொல்லை சேர்கிறது. அலுமினியம் உறைந்து குளிரும்போது நீளத்தில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல் சுருங்கும். நான்கு கைகளையும் மணல் இறுகப் பிடித்திருக்க, கடைசியாக உறைவது தடித்த நடுச்சந்தி. எல்லா இழுப்பும் அங்கே வந்து விரிசல் விடும், அல்லது பள்ளம் விழும். சந்திக்கு மேலே உபரி உலோகம் நிற்க ஒரு குழி வைத்து, கைகளின் முனையில் மணலைத் தளர்வாக விட்டால் தப்பிக்கலாம். சந்தியின் உள்மூலையைக் கூராக வெட்டாமல் லேசாக உருட்டியும் விட வேண்டும். பழைய வார்ப்புச் சிலுவைகளில் அந்த மூலை ஏன் குழிந்து வளைகிறது என்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை.

சிசெஸ்டர் மேடையின் அருகில் போய், பக்கவாட்டு வெளிச்சம் படும்படி நின்று பாருங்கள். தெர்மோகோல் சின்னச் சின்ன மணிகள் ஒட்டியது. இந்த முறையில் வார்த்த உலோகத்தில் அந்த மணிகளின் தடமும், வெட்டிய கத்தி போன வழியும், மணலின் சொரசொரப்பும் அப்படியே பதிந்துவிடும். தேய்த்து மழுப்பாமல் விட்ட இடமென்றால் வெறுங்கண்ணுக்கே தெரியும்.