பக் கன்வெர்ட்டர் கணக்கு: தேர்வுத் தாளிலிருந்து போர்டு வரை

பவர் எலக்ட்ரானிக்ஸ் தாளில் பக் கன்வெர்ட்டர் (டிசி வோல்ட்டேஜை ஸ்விட்ச் செய்து குறைக்கும் சுற்று) வந்தால் டியூட்டி (ஒரு சுழற்சியில் ஸ்விட்ச் ஆனாக இருக்கும் பங்கு), இண்டக்டர், ரிப்பிள் (ஏற்ற இறக்க அளவு) மூன்றையும் போட்டுவிட்டுப் பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். கேட் (GATE) தேர்வுக்கு அது பெரும்பாலும் போதும். ப்ராஜெக்ட் வைவாவுக்குப் போதாது. இரண்டுக்கும் ஒரே கணக்கை வைத்துப் படிக்கலாம்: 24 வோல்ட் உள்ளீடு, 5 வோல்ட் 5 ஆம்பியர் வெளியீடு, 400 கிலோஹெர்ட்ஸ்.

வெளியீட்டை உள்ளீட்டால் வகுத்தால் டியூட்டி 0.208. இண்டக்டர் மின்னோட்டத்தின் ரிப்பிளை 30 சதவீதம், அதாவது 1.5 ஆம்பியர் என்று வைத்தால், ஸ்விட்ச் ஆன் ஆகும்போது இண்டக்டர்மேல் விழும் 19 வோல்ட்டை டியூட்டியால் பெருக்கி, அதிர்வெண்ணாலும் ரிப்பிளாலும் வகுக்க 6.6 மைக்ரோஹென்றி. சந்தையில் கிடைப்பது 6.8. உச்ச மின்னோட்டம் 5.7 ஆம்பியர். டேட்டாஷீட்டில் சூடேறும் வரம்பு, சாச்சுரேஷன் வரம்பு (தாண்டினால் இண்டக்டன்ஸ் சரியும்) என்று இரண்டு இருக்கும், இரண்டாவது 7.5 ஆம்பியருக்குக் குறையாமல் பாருங்கள்.

‘1 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் இன்னும் சிறிதாகுமே?’ என்பது வைவாவில் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி. இண்டக்டர் 2.7 மைக்ரோஹென்றியாகச் சுருங்கும், உண்மைதான். ஆனால் உள்ளீட்டை இண்டக்டரோடு இணைக்கும் ஸ்விட்சான மேல் மாஸ்ஃபெட் ஆன், ஆஃப் ஆக மொத்தம் 20 நானோசெகண்ட் எடுத்தால், 400 கிலோஹெர்ட்ஸில் 0.48 வாட்டாக இருந்த ஸ்விட்சிங் இழப்பு 1.2 வாட்டாகிவிடும். இண்டக்டரில் மிச்சமான இடத்தை வெப்பத்தை வெளியேற்றும் செம்புப் பரப்பு எடுத்துக்கொள்ளும்.

மேல் ஸ்விட்ச் ஆஃப் ஆனதும் இண்டக்டர் மின்னோட்டத்துக்கு வழி தரக் கீழே ஷாட்கி டையோடு போட்டால், அதில் இழப்பு 0.5 வோல்ட், 5 ஆம்பியர், 79 சதவீத நேரம்: கிட்டத்தட்ட 2 வாட். வெளியீடே 25 வாட்தான்! அங்கே 10 மில்லிஓம் மாஸ்ஃபெட் வைத்தால் 0.2 வாட். மேல் மாஸ்ஃபெட்டுக்குக் குறைந்த கேட் சார்ஜ் (அதை ஆன் செய்யத் தேவையான மின்னூட்டம்), கீழுள்ளதற்குக் குறைந்த ஆன் மின்தடை. இரண்டுக்கும் ஒரே பாகத்தைப் போடுவது சோம்பேறித்தனம்.

அதிகம் சறுக்குவது வெளியீட்டுக் கெபாசிட்டரில். 50 மில்லிவோல்ட் ரிப்பிளுக்குச் சூத்திரம் 9 மைக்ரோஃபாரட் என்று சொல்லும். சுமை திடீரென 2.5 ஆம்பியர் குறைந்தால், இண்டக்டரில் கூடுதலாக இருந்த மின்னோட்டம் முழுக்க கெபாசிட்டருக்குள்தான் இறங்கும். அந்த ஏற்றத்தை 100 மில்லிவோல்ட்டுக்குள் அடக்க ஏறக்குறைய 43 மைக்ரோஃபாரட் வேண்டும். அதோடு முடியாது. செராமிக் கெபாசிட்டர், டிசி வோல்ட்டேஜ் ஏற ஏறத் தன் மதிப்பை இழக்கும். 10 வோல்ட் ரேட்டிங் உள்ள சிறிய 22 மைக்ரோஃபாரட், 5 வோல்ட்டில் பாதியாகக்கூட நிற்கலாம். ஆகவே இரண்டு அல்ல, நான்கு. உள்ளீட்டுக் கெபாசிட்டரையோ பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதில் ஓடும் ஆர்எம்எஸ் மின்னோட்டம் 2 ஆம்பியர்.

அந்த உள்ளீட்டுக் கெபாசிட்டரையும் இரண்டு மாஸ்ஃபெட்களையும் ஒட்டினாற்போல் வையுங்கள். அந்தச் சுற்றில் 10 நானோஹென்றி இருந்து, 5 ஆம்பியர் 5 நானோசெகண்டில் மாறினால், 24 வோல்ட்டுக்கு மேல் இன்னொரு 10 வோல்ட் எகிறும். 30 வோல்ட் மாஸ்ஃபெட் இதில்தான் போகிறது. 40 வோல்ட் எடுங்கள். ஸ்கோப்பில் பார்க்கும்போது ப்ரோபின் நீளமான கிரவுண்ட் வயரைக் கழற்றிவிட்டு, முனையிலேயே மாட்டும் சிறிய ஸ்பிரிங்கைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் போர்டில் இல்லாத ரிங்கிங்கும் (அலைவும்) திரையில் தெரியும்.

தேர்வுக்குத் திரும்பினால், டிஸ்கன்டினியுவஸ் நிலைக் (ஒவ்வொரு சுழற்சியிலும் இண்டக்டர் மின்னோட்டம் சற்று நேரம் பூஜ்யமாக நிற்கும் நிலை) கேள்வியில் கவனம் தேவை. சுமை மின்னோட்டம் ரிப்பிளில் பாதிக்கு, இங்கே 0.73 ஆம்பியருக்கு, கீழே போனால் டையோடு உள்ள சுற்று அந்த நிலைக்குள் நுழையும். வெளியீடு டியூட்டியை மட்டும் பொறுத்திருக்காது. கீழ் மாஸ்ஃபெட்டைத் தொடர்ந்து ஓட்டும் சுற்றில் மின்னோட்டம் எதிர்த்திசையில் போகும்; பழைய சூத்திரமே செல்லும். கேள்வியில் இருப்பது டையோடா, மாஸ்ஃபெட்டா என்று படத்தைப் பார்த்துவிட்டே தொடங்குங்கள். எண்ணை நேரடியாக உள்ளிடும் கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது என்பதால், எல்லை நிலையில் சந்தேகம் இருந்தாலும் விடையை நிரப்பிவிட்டே நகருங்கள்.