கொள்ளிவாய்ப் பேய்: கோட்டிலிருந்து வண்ணம் வரை

பேய் என்றாலே வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், பாதி ஊடுருவித் தெரியும் உடம்பு. டிஜிட்டலில் இது ரொம்பச் சுலபம். உருவத்தை வரைந்து, லேயரின் (வரையும் அடுக்கின்) ஒபாசிட்டியை, அதாவது ஒளிபுகாத் தன்மையை, குறைத்தால் வேலை முடிந்தது. ஆனால் அப்படிச் செய்தால் உருவம் வெளிறுமே தவிர, பயம் வராது. அதனால் இந்தப் படத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டேன்: கையை நீட்டினால் தட்டுப்படுகிற மாதிரி எலும்பும் தோலுமான பேய். ஒபாசிட்டியில் கை வைப்பதில்லை.

எடுத்துக்கொண்டது கொள்ளிவாய்ப் பேய். சதுப்பு நிலத்தில் இரவில் குப்பென்று எரிந்து அணையும் வெளிச்சத்துக்கு நம் ஊர்களில் சொல்லும் காரணம் அது. மட்கிய செடி கொடிகளிலிருந்து கிளம்பும் மீத்தேன்தான் என்று அறிவியல் சொல்கிறது, இருக்கட்டும். வரைகிறவருக்கு இதில் கிடைக்கும் லாபம் வேறு. படத்தின் முக்கிய விளக்கே பேயின் வாய்க்குள் இருக்கிறது.

உடம்புக்கு, பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்டதாகச் சொல்லப்படும் சிவனடியார் காரைக்கால் அம்மையாரிடம் போனேன். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தின் முதல் பாட்டிலேயே ஒரு பெண்பேய் முழுசாக நிற்கிறது: வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிவிழுந்த கண், வெள்ளைப் பல், ஒட்டிய வயிறு, சிவந்த தலைமயிர், நீண்டு துருத்திய இரண்டு பற்கள், பரடு உயர்ந்த நெடுங்கால். கேம் கம்பெனிக்காரர்கள் கேரக்டர் டிசைனருக்குக் கொடுக்கும் குறிப்பில்கூட கணுக்கால் எலும்பு வரை யாரும் எழுத மாட்டார்கள். விலா எலும்புக்கும் கழுத்தெலும்புக்கும் சோழர் காலத்துக் காரைக்கால் அம்மையார் செப்புத்திருமேனிகளின் படங்களைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டேன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது, தாளத்தோடு உட்கார்ந்திருக்கும் கோலம். தோளிலிருந்து கை கிளம்பும் இடத்தை அந்தச் சிற்பி எவ்வளவு சிக்கனமாக முடித்திருக்கிறார் என்று பார்த்தாலே பாதி அனாட்டமி பாடம் முடிந்துவிடும்.

வரையும் மென்பொருள் கிரிட்டா (Krita). இலவசம், என் பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது. ஏ4 அளவு, அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ), அதாவது 2480 × 3508 பிக்சல். முதலில் கோடே போடாமல், கறுப்பு பிரஷ்ஷால் சின்னச் சின்ன நிழலுருவங்களாகத் தட்டிப் பார்த்தேன். கூன் போட்டு, கழுத்தை மட்டும் முன்னால் நீட்டி, முழங்காலுக்குக் கீழே இறங்கும் கைகளோடு நின்றது ஒன்று. அதைப் பெரிதாக்கி மேலே கோட்டோவியம். அடிக்கடி M விசையைத் தட்டி, படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிக்கொண்டேன். முகம் ஒரு பக்கமாக இழுத்திருந்தால் அதில் உடனே தெரிந்துவிடும்.

அப்புறம் கறுப்பு வெள்ளையில் ஒளி நிழல். அதிக நேரம் இங்கேதான் போனது. வெளிச்சம் வாய்க்குள்ளிருந்து வந்தால் முகத்தில் வழக்கமாக இருட்டாக இருக்கும் இடங்கள் எல்லாம் வெளிச்சமாகும்: மூக்கின் அடிப்பக்கம், புருவ மேட்டின் கீழ்ப்பகுதி. நெற்றி இருட்டுக்குப் போய்விடும். பதிகத்தில் பல் வெள்ளை. ஆனால் விளக்கு பல்லுக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது? நம் பக்கம் தெரியும் முகப்பு இருட்டாகத்தானே இருக்க வேண்டும்? அதனால் பற்களைக் கறுப்பாகவே விட்டு, ஓரத்தில் மட்டும் ஒளி கசியவிட்டேன். வெள்ளைப் பல்லைவிட இது பயங்கரமாக இருக்கிறது. அம்மையார் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

கன்னம் இன்னொரு சமாச்சாரம். டார்ச்சை உள்ளங்கையில் பொத்தினால் விரலிடுக்கில் ரத்தச் சிவப்பாகத் தெரியுமே, மெலிந்த கன்னத்திலும் அதே சிவப்பு தெரிய வேண்டும். அதற்குத் தனி லேயர் ஒதுக்கி வைத்தேன். வெளிச்சம் தூரத்தோடு வேகமாகக் குறையும். தூரம் இரட்டித்தால் ஒளி கால்பங்கு. ஆகவே கழுத்தெலும்பு பளிச், விலா மங்கல், இடுப்புக்குக் கீழே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அந்த இருட்டில் கால் தொலையாமல் இருக்க, பின்னாலிருந்து மெல்லிய நிலா வெளிச்சம் கொடுத்தேன்.

அக்கா மகன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவன், "சித்தி, அதுக்கு வாய் சுடாதா?" என்றான். நியாயமான கேள்வி. உதடுகளைக் கருக்கி, வெடிப்பு விழவைத்தேன். படத்தில் இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

வண்ணத்துக்கு வந்தால், சாம்பல் படத்தின் மேல் கலர் மோடில் (ஒளி நிழலை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் ஏற்றும் முறை) ஒரு லேயர் போட்டு நிறம் பூசுவது எல்லோரும் சொல்லும் வழி. அதில் தோல் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். நான் கிரேடியன்ட் மேப் வைத்தேன், அதாவது ஒளியின் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நிறம்: இருட்டுக்குக் கருநீலம், நடுவே பாசி படிந்த சாம்பல், வெளிச்சத்துக்கு வெளிர்மஞ்சள். அதுவும் அடித்தளம்தான்; மேலே சாதாரண லேயரில் கையால் பூசினால்தான் உயிர் வருகிறது. நெருப்பு நீலமா, செம்மஞ்சளா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். மீத்தேன் நீலமாக எரியும். ஆனால் கொள்ளி என்பது எரியும் விறகு, ஆகவே செம்மஞ்சள். அடியில் உள்ள நிறத்தைப் பளீரென்று ஒளிரவைக்கும் கலர் டாட்ஜ் நாக்கின் அடியிலும் பல் ஓரத்திலும் மட்டும். அதை முகம் முழுக்கத் தேய்த்தால் பேய் டியூப்லைட் விளம்பரத்துக்கு வந்த மாதிரி ஆகிவிடும். தலைமயிர் பாட்டில் சொன்னபடி செம்பட்டை.

கடைசியாகக் கால். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பார்கள். பதிகத்திலோ கணைக்கால் வரை இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்ள ஒரு வழி கிடைத்தது. பாதத்தை விரல், பரடு எல்லாம் சேர்த்து முழுசாக வரைந்தேன், ஆனால் அது தரையைத் தொடும் இடத்தில் விழ வேண்டிய அடர்ந்த நிழலைப் போடவில்லை. பக்கத்துக் கல்லுக்கும் காய்ந்த பனையோலைக்கும் நிழல் உண்டு. அவளுக்கு மட்டும் இல்லை. அந்த ஒரு நிழலை எடுத்ததில் வந்த அமானுஷ்யம், எந்த ஒபாசிட்டியாலும் வராது.

இன்னும் பின்னணிப் பனைகளும் கூந்தலின் பிரிகளும் பாக்கி. அடுத்த படம் முடிவாகிவிட்டது: அதே பதிகத்தின் இரண்டாம் பாட்டில் ஒரு பேய் கள்ளிக் கவட்டில் காலை நீட்டிக்கொண்டு, கொள்ளியை மசித்துக் கண்ணுக்கு மை தீட்டுகிறது. கள்ளிக் கிளைகளுக்காக இப்போதே போட்டோ சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.