பாம்பன் பாலத்தில் காலை ஓட்டம்

ராமநாதபுரம் கடற்கரை முழுக்கத் தட்டையான மண். தொண்டியில் ஓடினாலும் சரி, கீழக்கரையில் ஓடினாலும் சரி, கால் ஒரே மட்டத்தில்தான் போகும். ஏறி ஓடிப் பழக எனக்குக் கிடைத்தது பாம்பன் சாலைப் பாலம். அடியில் படகுகள் போக வேண்டும் என்பதால் நடுவில் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். 1988-ல் திறந்த பாலம், நீளம் 2.3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ராமேஸ்வரம் தீவில் இருக்கிற பாம்பனில் தொடங்கி, எதிர்க்கரை ஊரான மண்டபம் முனையைத் தொட்டுத் திரும்பினால் கிட்டத்தட்ட 4.7 கிலோமீட்டர். வாரம் நாலு நாள் இதுதான் என் ஓட்டம்.

ஏற்றம்கூடப் பழகிவிடும், காற்று பழகாது. ஆனி, ஆடியில் கச்சான் தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது மண்டபத்தை நோக்கிப் போகிற பாதி முழுக்க எதிர்க்காற்று, உச்சிக்கு வருவதற்குள் நெஞ்சு காய்ந்துவிடும், ஆனால் திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வரும். கார்த்திகை, மார்கழியில் எல்லாம் தலைகீழ். வாடை போகும்போது தள்ளிவிட்டு, களைத்துத் திரும்பும்போது முகத்தில் அடிக்கும். அந்த மாதங்களில் போகும்போதே வேகத்தை அடக்கி வைக்க வேண்டும் என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

ஆனால் திரும்புகிற முகம் கிழக்கு. சூரியன் தீவுக்கு மேலே எழும்புவதைப் பார்த்துக்கொண்டே இறங்கி வரலாம். ஒரு பக்கம் வடகடல் குளம் மாதிரி கிடக்கும், மறுபக்கம் தென்கடல் இரைந்துகொண்டிருக்கும். பக்கத்திலேயே ரயில் பாலங்கள், 1914-ல் திறந்த பழையதும் 2025 ஏப்ரலில் திறந்த புதியதும். புதியதன் நடுப்பகுதி 17 மீட்டர் செங்குத்தாக மேலே எழும்பும். ஒருநாள் அது ஏறுவதைப் பார்த்து ஓட்டத்தை நிறுத்திவிட்டு நின்றேன், அன்றைய நேரக் கணக்கு போனதில் வருத்தமே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் வரிசையாக நிற்கும், நாட்டுப்படகுகள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும்.

ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. விடிந்ததும் வெளியூர் வண்டிகள் பாலத்தின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன. படம் எடுக்கட்டும், இந்தக் காட்சியைப் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் வருகிறார்கள். ஆனால் வண்டியைச் சுற்றிக்கொண்டு போக நாங்கள் சாலைக்குள் இறங்க வேண்டியிருக்கிறது, பின்னால் பேருந்து வருகிறது. போன மாதம் ஒரு வேனின் பக்கக் கண்ணாடி என் முழங்கையில் பட்டது. தயவுசெய்து வண்டியைக் கரையில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள், நடந்து பார்த்தால்தான் இரண்டு கடலும் கண்ணில் நிற்கும்.

ஓட வருகிறவர்கள் ஐந்தேகாலுக்குள் கிளம்பிவிடுங்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் கண்ணில் படும்படி வெளிர்நிறச் சட்டை போடுங்கள். அப்புறம், தண்ணீரைக் கையோடு கொண்டு வந்துவிடுங்கள், பாலத்தின் மேல் கடையும் கிடையாது, நிழலும் கிடையாது.