குசினிச் சத்தமும் குரவையும்: காதுக் கருவியோடு பழகுதல்

காதுக் கருவியைப் பொருத்திக்கொண்டு ஊருக்குத் திரும்பினால் அன்றிலிருந்தே எல்லாம் பழையபடி கேட்கும் என்றுதான் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள காரைதீவில் என்னைத் தெரிந்தவர்கள் நினைத்திருந்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்டவுடன் எழுத்துத் தெளிவது போலக் கருவி போட்டவுடன் பேச்சுத் தெளியும் என்பது அவர்களுடைய கணக்கு. ஆனால் முதல் வாரங்களில் எனக்குத் தெளிவாகக் கேட்டது இரைச்சல்தான். மின்விசிறியின் சுழற்சி, செய்தித்தாளை மடிக்கும் சரசரப்பு, குசினியில் கரண்டி சட்டியில் படுவது, சீமெந்துத் தரையில் என் செருப்பே உரசுவது என எல்லாச் சத்தங்களும் ஒரே முக்கியத்துவத்தோடு வந்து நிற்க, அவற்றுக்கு நடுவே மனைவி என்ன சொன்னார் என்பதை நான் முன்போலவே இரண்டாம் தரமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் காது ஏன் இப்படியானது என்பதைச் சொன்னால்தான் இது விளங்கும். சம்மாந்துறைப் பக்கத்தில் ஒரு நெல் ஆலையில் நீண்டகாலம் கணக்கெழுதினேன்; கணக்கறைக்கும் இயந்திரத்துக்கும் இடையில் ஒரு பலகைத் தடுப்பு மட்டுமே இருந்தது. ஒலியின் உரப்பை டெசிபலில் அளப்பார்கள்; எட்டு மணிநேர வேலைக்கு 85 டெசிபல் என்பது பல நாடுகளில் எச்சரிக்கை எல்லையாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அங்கே இருக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும், அதாவது 88 டெசிபலில் 4 மணிநேரம், 91 டெசிபலில் 2 மணிநேரம் என்பது தொழிற்சுகாதாரத் துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் பரிந்துரை. எங்கள் ஆலையில் அதை யாரும் அளந்து பார்த்ததில்லை. பேச வேண்டுமென்றால் கத்தினோம். இரைச்சல் எல்லை மீறியதற்கு அதுவே ஓர் அளவுகோல் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

கேட்டல் பரிசோதனை வரைபில் கோடு தாழத் தாழக் கேட்டல் குறைவு; ஹேர்ட்ஸ் எண் கூடக் கூட ஓசை கூர்மையாகும். 250, 500 ஹேர்ட்ஸ் பக்கம் என் கோடு ஓரளவு மேலே நின்று, 4000ஐ நெருங்கும்போது குழிக்குள் இறங்கியது. அந்த 4000க் குழி இரைச்சலால் கெட்ட காதுகளில் வழக்கமாகக் காணப்படும் அடையாளம். வயது சேர்ந்ததால் 8000 பக்கமும் தாழ்ந்துவிட்டிருந்தது. உட்காதின் நத்தைச் சுருளில், ஒலியை உணர்வதற்கென ஒரு காதுக்கு உள்வரிசையில் ஏறத்தாழ 3,500 மயிர்க்கலங்களும் வெளிவரிசைகளில் ஏறத்தாழ 12,000 மயிர்க்கலங்களும் உள்ளன. உயர்ந்த மீடிறனை, அதாவது கூர்மையான ஓசைகளை, உணர்பவை சுருளின் வாசற்பக்கத்தில் இருக்கின்றன. முதலில் அழிபவையும் பெரும்பாலும் அவைதான். மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. கடலின் இரைச்சல் ஒருநாளும் என்னை விட்டுப் போகாததற்கும், முற்றத்துக் குருவிகள் மட்டும் எப்போதோ போய்விட்டதற்கும் காரணம் இதுதான். பேச்சிலும் உயிரொலிகள் பெரும்பாலும் தாழ்ந்த பக்கத்தில் வலுவாக இருப்பதால் அவை வந்து சேர்ந்தன. க, ச, த, ப ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஓசைகள்தான் வரவில்லை. ஆகவே பாயா, காயா, தாயா என்பதை நான் சந்தர்ப்பத்தைப் பார்த்து ஊகித்தே வாழ்ந்திருக்கிறேன். என்னிடம் பேசியவர்கள் உரத்துக் கத்தியபோது உயிரொலி மட்டுமே பெருத்தது. ஊகம் இன்னும் கடினமாயிற்று.

கருவி செய்வது, எனக்கு வராத பக்கத்தைப் பெரிதாக்கித் தருவது. ஆனால் அத்தனை காலம் அந்த ஓசைகளைக் கேட்காதிருந்த மூளை, மின்விசிறியைப் புறக்கணிக்கவும் மனைவியின் குரலைப் பொறுக்கி எடுக்கவும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. இதனால்தான் பொருத்துபவர்கள் முதல் நாளே முழு அளவைத் திறந்துவிடாமல் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். கூட்டத்துக்குப் போகும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து மேசை லாச்சியில் வைத்துவிடுகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் வரவே வராது என்பது என் உறுதியான அபிப்பிராயம். வீட்டின் அமைதியில் விழித்திருக்கும் நேரமெல்லாம் போட்டிருந்தால்தான் மூளைக்குப் பயிற்சி.

சொந்தக் குரல் தனித் தொல்லை. நாம் பேசும்போது எலும்பு வழியாகவும் அதிர்வு காதுக் குழாயை அடைகிறது. குழாய் திறந்திருந்தால் அது வெளியேறிவிடும், நுனியிலுள்ள இறப்பர் குமிழ் அடைத்துக்கொண்டால் உள்ளேயே நின்று முழங்கும். தேவாரம் படிக்க வாயைத் திறந்தபோது கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடினார்கள். துளையுள்ள குமிழுக்கு மாற்றியபின் அது பெருமளவு குறைந்தது. பேத்தி கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது கருவி கீச்சிடுவது மட்டும் இன்னும் நிற்கவில்லை. வெளியே கசியும் ஒலி அவளுடைய கன்னத்தில் பட்டு ஒலிவாங்கிக்கே திரும்பிப் போவதால் அப்படி நேர்கிறது. அவளுக்கு அது விளையாட்டு, வேண்டுமென்றே செய்கிறாள்.

வீட்டாரும் பழக வேண்டியிருந்தது. குசினிக்குள் நின்று "இஞ்சாருங்க" என்று தொடங்கி முதுகைக் காட்டியபடியே மீதியைச் சொல்லி முடிப்பது எங்கள் வீட்டின் நெடுநாள் வழக்கம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. எந்தக் கருவியும் இந்த விதியைத் தாண்டிவிடாது. பெயரைச் சொல்லி அழைத்து, நான் திரும்பிய பிறகு, முகம் தெரியும்படி, சாதாரணக் குரலில் பேசினால் போதும். இதை மனைவி ஏற்றுக்கொண்டார். என் மச்சானோ இன்னும் கேற்றடியிலிருந்தே கத்துகிறார், கருவிக்குக் காசு கொடுத்தது வீணா என்றும் கேட்கிறார்.

எல்லாவற்றையும்விட என்னைத் திணறடித்தது வைகாசியில் எங்கள் கண்ணகி அம்மன் கோயிற் சடங்கு. பழுதான காதில் மெல்லிய ஒலி கேட்கத் தொடங்கும் எல்லை மேலே ஏறிவிடுகிறது, ஆனால் பேரொலி தாங்கமுடியாமற் போகும் எல்லை அதோடு சேர்ந்து ஏறுவதில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட வெளி ஒடுங்கிப்போகிறது. பெண்கள் கூடி எழுப்பும் குரவை, எனக்குக் கருவி அதிகமாகக் கூட்டித் தரும் அதே உயர்ந்த பகுதியில் வந்து குத்தியது. உடுக்கும் ஒலிபெருக்கியும் அதன்மேல். அடுத்த தடவை பொருத்துநரிடம் இதை விவரித்தபோது, கருவி வெளியிடக்கூடிய உச்ச அளவைக் குறைத்து, கோயிலுக்கெனக் கருவியில் இன்னொரு ஒலி அமைப்பையும் சேர்த்துத் தந்தார். "சத்தமாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த இடத்தில் எந்தச் சத்தம் என்று எழுதிக்கொண்டு போனதால்தான் அவரால் திருத்த முடிந்தது.

மட்டக்களப்பு நண்பர்கள் கேட்கும் கேள்வி வேறு: கல்லடிப் பாலத்தடியில், வாவிக்குள் மீன் பாடுவதாகச் சொல்வார்களே, அது இப்போது கேட்குமா? நீருக்குள் எழும் ஒலியில் மிகச் சிறு பங்குதான் காற்றுக்கு வருகிறது. 1848இல் அந்த வாவியில் வள்ளத்தில் சென்ற பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட்கூட, வள்ளத்தின் மரத்தில் காதை வைத்தபோதே ஒலி கூடியதாக எழுதினார். காற்றில் வருவதை மட்டும் பிடிக்கும் என் கருவியிடம் அதைக் கேட்பது நியாயமில்லை.

ஈரப்பதன் எங்கள் கரைக்கே உரிய கவலை. கச்சான் காற்றுக் காலத்தில் வியர்வை, மாரியில் சாரல். இரவில் மின்கலத்தைக் கழற்றி, கருவியை மட்டும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடிவைக்கிறேன். என்னுடையது பழுப்பு ஒட்டுத்தாள் கொண்ட 312 இலக்க நாக-வளி மின்கலம்; தாளை உரித்ததும் காற்றுப் பட்டு அது இயங்கத் தொடங்குகிறது, மறுபடி ஒட்டினாலும் ஓய்வதில்லை. உரித்தபின் ஓரிரு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போட்டால் நன்றாக வேலை செய்கிறது. மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்துக்குள் கருவி கீச்சிடும். அதனால் கழற்றிச் சட்டைப்பையில் இருக்கும் பெட்டிக்குள் போட்டுவிட்டே கவசத்தை மாட்டுகிறேன்.

கலியாண வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இன்றும் எனக்குப் பாதிதான் விளங்குகிறது. இரைச்சல் முதுகுக்குப் பின்னாலும் பேசுபவர் எதிரேயும் இருக்கும்படி கதிரையைத் தேர்ந்தெடுக்கிறேன்; திசையறியும் ஒலிவாங்கிகளுக்கு அது உதவுகிறது. தொலைபேசியைக் காதுத் துளையில் வைக்காமல், சற்று மேலே, கருவியின் ஒலிவாங்கிக்கு நேராகப் பிடித்தால் வெளிநாட்டிலிருக்கும் மகனுடைய குரல் நன்றாக வருகிறது.

என்ன விலை, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கல்முனையிலோ மட்டக்களப்பிலோ காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் முதலில் காட்டுங்கள். குறும்பி அடைத்திருந்தால் அதை எடுப்பதோடு சிலருடைய பிரச்சினை தீர்ந்துவிடும். இரண்டு காதுகளுக்கும் வரைபு எடுத்த பிறகு விலையைப் பேசுங்கள். பொருத்திய பின் திரும்பத் திரும்ப அளவு திருத்தித் தருவார்களா, அதற்குத் தனியாகக் காசு எடுப்பார்களா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.