தேதியை மாற்றினால் மட்டும் போதாது

"தம்பி, வாரம் ஒரு முறை தளத்தில் எதையாவது மாற்றிக்கொண்டே இருந்தால் கூகுளில் மேலே வந்துவிடுமாமே?" இன்று காலை கேட்டவர் பம்பு மோட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். யாரோ சொன்னதை நம்பி, ஆறு மாதமாகத் திங்கள்தோறும் பக்கத்தின் அடியில் இருக்கும் தேதியை மட்டும் மாற்றி வந்திருக்கிறார். எனக்கு மனம் கனத்துவிட்டது.

2011 நவம்பரில் கூகுள் புதிய தகவலுக்கு முன்னுரிமை தரும் மாற்றத்தைக் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் அது தேர்தல் முடிவு, கிரிக்கெட் ஸ்கோர் போன்ற தேடல்களுக்கானது. 'மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை' என்று தேடுகிறவருக்குக் காரணம்தான் வேண்டும். தளம் புதிதாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே பக்கங்களைச் சேர்ப்பதும் நீக்குவதும் தரவரிசையை உயர்த்தாது என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் எழுதி வைத்திருக்கிறது.

அவருடைய பக்கத்தில் விலைப்பட்டியல் மூன்று வருடப் பழசு. கைப்பேசி எண்கூடப் பழையது! முதலில் அவற்றைத் திருத்தினோம். பிறகு தண்ணீர் ஏறாததற்கான காரணங்களை, ஃபுட்வால்வு (உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் வால்வு) அடைப்பு, குழாய் இணைப்பில் காற்று இழுப்பது என்று அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினார். இத்தனை நாள் இதில் ஒரு வரிகூடத் தளத்தில் இல்லை.